துயரச் சம்பவத்தைப் படமாக்குமுன்: கொங்கு நாட்டுப் புது இயக்குநர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் பலர் தங்கள் திரைக்கதையைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தருகிறார்கள். 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று முதல் பக்கத்திலேயே எழுதியவை அவற்றில் நிறைய. எழுதச் சம்பவங்களும் இருக்கின்றன. 1998 கோவைத் தொடர் குண்டுவெடிப்பு, 2016 உடுமலைப்பேட்டை ஆணவக்கொலை, 2019 பொள்ளாச்சி பாலியல் வழக்கு, அதே ஆண்டு டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து 17 பேர் இறந்தது, 2020 அவிநாசி பஸ் விபத்து, 2025 கரூர் நெரிசல். இவற்றில் செத்துப்போனவர்களின் தாய்தகப்பன்மாரும் பிள்ளைகளும் இன்றும் வேலைக்குப் போய்க்கொண்டும் ரேஷன் கடையில் நின்றுகொண்டும் இருக்கிறார்கள். நீங்கள் படம் வெளியிட்டால் அவர்கள் பார்ப்பார்கள். பார்க்காவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொல்வார்.

எடுக்காதீர்கள் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. செய்தித்தாள்கள் நாலாம் நாள் விட்டுவிட்ட கேள்வியைப் பத்தாண்டு கழித்தும் கேட்கக் கூடியது சினிமா. அதனால் எடுக்கத்தான் வேண்டும். எந்த வேலையை எப்போது செய்வது, எங்கே கையை எடுத்துக்கொள்வது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சட்டம் எதுவரை வரும்

குடும்பத்தின் கையெழுத்து இல்லாமல் படமே எடுக்கக் கூடாது என்று சிலர் பயப்படுகிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் எதையும் எடுக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். இரண்டும் சரியில்லை.

கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஒரு கோட்டைப் போட்டுக் கொடுத்தது. நீதிமன்றப் பதிவேடு போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை, சம்பந்தப்பட்டவரின் அனுமதி இல்லாமலே வெளியிடலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் பெயரும் அடையாளமும் மட்டும் இதற்கு விலக்கு. ஜெயலலிதாவின் வாழ்க்கை பற்றிய படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவருடைய மரணத்தோடு முடிந்துவிடுகிறது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் சொன்னது. ஆகவே, இறந்தவருக்காகப் படத்தை நிறுத்தச் சொல்லி வாரிசுகள் வழக்குப் போட்டால் அவர்கள் ஜெயிப்பது கடினம். இதைத் தெரிந்துகொண்டு நிம்மதி அடைகிற இயக்குநர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இது கவலை தருகிற செய்தி. செத்தவர் வாய் திறக்க முடியாது, அவர் சார்பில் பேசுகிறவருக்கும் சட்டத்தில் பிடிமானம் இல்லை என்றால், அவரைக் காப்பாற்ற மிஞ்சியிருப்பது படம் எடுக்கிறவரின் மனசாட்சி மட்டும்தான்.

சட்டம் கண்டிப்பாகத் தடுப்பவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 228ஏ. அவர் இறந்திருந்தாலும் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, அமர்வு நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2018 டிசம்பரில் தெளிவாக்கியது. குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும். இறந்தவர்மீது அவதூறு சுமத்துவது, குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு செய்யப்பட்டதாக இருந்தால், நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்கீழ் குற்றமாகலாம்.

வழக்கு நடந்துகொண்டிருந்தால் இன்னொரு சிக்கல். 1993 மும்பைக் குண்டுவெடிப்பைப் பற்றிய ஓர் இந்திப் படத்தின் வெளியீட்டை, குற்றம்சாட்டப்பட்டவர்கள் முறையிட்டதன்பேரில், மும்பை உயர்நீதிமன்றம் 2005இல் தடுத்தது. விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு 2007இல்தான் அது திரைக்கு வந்தது. கையில் இருக்கும் பணத்தை எல்லாம் போட்டுப் படம் எடுக்கும் உங்களுக்கு இரண்டு ஆண்டுத் தடை என்பது சாதாரணம் இல்லை.

வழக்கு எந்த நிலையில் நிற்கிறது

எனவே எழுதத் தொடங்கும்முன் செய்ய வேண்டிய வேலை, வழக்கின் இன்றைய நிலையைத் தெரிந்துகொள்வது. செய்தித் துணுக்குகளை வைத்து எழுதாதீர்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணையோ சம்பந்தப்பட்டவர் பெயரையோ கொடுத்தால் மாவட்ட நீதிமன்ற உத்தரவுகளைத் தேடலாம். உயர்நீதிமன்றத் தீர்ப்புகளும் இணையத்திலேயே கிடைக்கின்றன. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது, பாலியல் குற்றம் போன்ற நுட்பமான வழக்குகளைத் தவிர. தீர்ப்பைப் படிக்கும்போது தண்டனைப் பகுதிக்குத் தாவாமல் சாட்சியங்களைப் படியுங்கள். யார் எத்தனை மணிக்கு எங்கே நின்றார், யார் பிறழ்சாட்சி ஆனார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

உடுமலை வழக்கையே பாருங்கள். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம், கொல்லப்பட்டவரின் மாமனார் உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2018இல் ஒருவர் அந்தத் தீர்ப்போடு படத்தை முடித்திருந்தால் மக்கள் கைதட்டியிருப்பார்கள். 2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் மாமனாரை விடுதலை செய்தது. மற்ற ஐவரின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கோவைக் குண்டுவெடிப்பு வழக்கிலும் இப்படித்தான். ஒன்பது ஆண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்த கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி 2007இல் விடுவிக்கப்பட்டார். அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் அவரைச் சதிகாரராகக் காட்டி யாராவது படம் எடுத்திருந்தால் அதை எப்படித் திருத்துவது? தீர்ப்பு உங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்பது வேறு. நீங்கள் தீர்ப்போடு முரண்படலாம், அதைப் படத்தில் சொல்லலாம். ஆனால் தெரிந்து முரண்பட வேண்டும்.

கரூரை இப்போது தொடாதீர்கள் என்பது என் கருத்து. 2025 செப்டம்பர் 27 அன்று வேலுச்சாமிபுரத்தில் கட்சிப் பிரச்சாரக் கூட்டத்தில் சிக்கி 41 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் விசாரணையைச் சிபிஐ-யிடம் ஒப்படைத்தது. அவரவருக்கு அவரவர் பக்கத்துக் கதை இருக்கிறது. விசாரணை தரும் தரவுகள் இல்லாமல் இன்று எழுதினால் நீங்கள் எழுதுவது ஏதோ ஒரு தரப்பின் துண்டறிக்கையாகத்தான் இருக்கும். குறிப்பெடுங்கள், செய்திகளைத் தேதிவாரியாக வெட்டி வையுங்கள், காத்திருங்கள்.

கதை எந்தத் தேதியில் தொடங்குகிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். புதியவர்கள் கவனிக்காமல் கடந்துபோவதும், படத்தின் நேர்மையைத் தீர்மானிப்பதும் இதுதான்.

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள், 200க்கும் அதிகமானோர் காயமடைந்தார்கள். அன்று காலையில் கதையைத் தொடங்கினால் ஒரு படம் கிடைக்கும். 1997 நவம்பர் 29 அன்று ஒரு போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டதில் தொடங்கினால் வேறொரு படம். அதை அடுத்து வந்த நாட்களில் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டதில் தொடங்கினால் மூன்றாவது படம். மூன்றிலும் ஒரு பொய்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் எந்தத் தேதிக்கு முன்னால் இருட்டாக விட்டீர்களோ அந்த இருட்டில் செத்தவர்கள் இரண்டாம் முறை காணாமல் போகிறார்கள். கோவையில் இரு பக்கத்திலும் பிணம் தூக்கிய குடும்பங்கள் ஒரே மார்க்கெட்டில் காய்கறி வாங்குகின்றன. அந்த மூன்று தேதிகளும் உங்கள் கதையில் ஏதோ ஒரு வடிவில் வந்தே ஆக வேண்டும். காட்சியாக வைக்க முடியாவிட்டால் ஒரு பாத்திரத்தின் பேச்சிலாவது வரட்டும்.

நடூருக்கும் இதே கணக்குதான். 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் கருங்கல் சுவர் ஓட்டு வீடுகள்மேல் சரிந்தது. திரைக்கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த அதிகாலையைத்தான் எழுதுகிறார்கள். இடி, மின்னல், தூங்கும் குழந்தை, விரிசல் விடும் கல். அந்தச் சுவர் ஒரே இரவில் எழுந்ததா? யார் கட்டினார்கள், எவ்வளவு உயரம், யாருடைய கண்ணுக்கு எது தெரியக் கூடாது என்பதற்காக, அது ஆபத்தானது என்று அங்கே குடியிருந்தவர்கள் யார் யாரிடம் சொன்னார்கள், அவர்கள் என்ன பதில் தந்தார்கள்? அதைத் தீண்டாமைச் சுவர் என்றுதான் அங்கிருந்தவர்களும் தலித் அமைப்புகளும் குற்றம்சாட்டினார்கள். நீதி கேட்டு மறியல் செய்தவர்கள்மீது தடியடி நடந்தது. சுவர் சரிந்ததைக் காட்டுவதற்குக் கணினி வரைகலை போதும். அது நின்றுகொண்டிருந்த காலத்தைக் காட்டத்தான் இயக்குநர் தேவைப்படுகிறார். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் உழைப்பில் பெரும்பகுதி மரணத்துக்கு இட்டுச்சென்ற காரணங்களின்மேல் செலவாகட்டும், மரணத்தின்மேல் அல்ல.

காரணங்களும் முதல் நாள் சொல்லப்பட்டபடியே இருப்பதில்லை. 2020 பிப்ரவரி 20 அன்று பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசு பஸ்மீது அவிநாசி அருகே கண்டெய்னர் லாரி மோதி 19 பேர் இறந்தபோது டயர் வெடித்ததாக முதலில் பேச்சு. ஓட்டுநர் கண் அயர்ந்திருக்கலாம் என்பது பிறகு வந்தது. அதற்கும் பின்னால் போனால், ஓர் ஓட்டுநர் ஓய்வில்லாமல் எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டும்படி வைக்கப்படுகிறார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியில் ஒரு முழுப் படமே இருக்கிறது.

துக்க வீட்டுக்குப் போவது

காகிதங்களைப் படித்து முடித்த பிறகுதான் மனிதர்களிடம் போக வேண்டும். அவர்கள் வாயிலிருந்து தேதியையும் எண்ணிக்கையையும் பிடுங்குவது கொடுமை. அவையெல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்க வேண்டும்.

யார் மூலம் போவது என்பதில் கவனம் வேண்டும். கொங்கு ஊர்களில் வெளியாள் வந்தால் ஊர்ப் பெரியவரைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். சாதிக் கொலையிலும் தீண்டாமை வழக்கிலும் அந்தப் பெரியவரே எதிர்த்தரப்பாக இருக்கலாம். அவர் காரில் ஏறி நீங்கள் அந்தக் குடும்பம் இருக்கும் வளவுக்குள் போய் இறங்கினால், ஒரு வார்த்தை பேசாமலே நீங்கள் யார் பக்கம் என்பது முடிவாகிவிடும். வழக்கை நடத்திய வழக்கறிஞர், தொழிற்சங்கத் தோழர், அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் இப்படி அந்தக் குடும்பம் நம்புகிற ஒருவர் மூலம் சொல்லி அனுப்புங்கள். வரச் சொன்னால் போங்கள்.

கேமரா வேண்டாம். போனையும் பைக்குள் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ போங்கள். பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ கட்டட வேலைக்கோ போகிறவரை வேலை நாளில் உட்கார வைத்தால் அவருடைய அன்றைய கூலி போய்விடும். திதி நாளிலும் நோம்பி, பண்டிகை நாளிலும் போகாதீர்கள். கொடுக்கும் தண்ணீரையும் டீயையும் வாங்கிக் குடியுங்கள், பாய் போட்டால் பாயில் உட்காருங்கள். நீங்கள் இந்தப் பகுதியின் ஆதிக்க சாதிகளில் ஒன்றில் பிறந்தவர் என்றால், அந்த டம்ளரை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதை வீட்டிலிருக்கும் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்கிற உரிமை அவர்களுக்கு இருக்கிறது. பாட்டியானாலும் பையனானாலும் 'வாங்க, போங்க' என்றே பேசுங்கள். வயதில் மூத்த தலித் மனிதரைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிடும் கெட்ட பழக்கம் இந்த மண்ணில் இன்னும் சாகவில்லை. ஒரு தடவை அது உங்கள் வாயில் வந்துவிட்டால் அந்தக் கதவு அடைந்துவிடும், அடைவதுதான் நியாயம்.

முதல் முறை போகும்போது படத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். நீங்கள் யார், படத்துக்குப் பணம் போடுவது யார், எங்கே வெளியிடப் போகிறீர்கள், அதில் லாபம் வருமா என்பதைச் சொல்லுங்கள். எந்தக் கட்சியோடும் சாதிச் சங்கத்தோடும் உங்களுக்குத் தொடர்பு இருந்தால் அதையும் அவர்கள் கேட்கும்முன் சொல்லுங்கள். 'யோசித்துச் சொல்லுங்கள், வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை' என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பணத்தை முதல் நாளே எடுத்து நீட்டாதீர்கள். வாடகை பாக்கி இருக்கும் வீட்டில் நீட்டிய பணம் சம்மதத்தை விலைக்கு வாங்கிவிடும்.

ஒரு குடும்பம் என்றால் ஒரு குரல் என்று எண்ண வேண்டாம். இறந்தவரின் மனைவிக்கும் தாய்க்கும் இடையே இழப்பீட்டுத் தொகை, மறுமணம், பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்று பல மனத்தாங்கல்கள் இருக்கலாம். ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்து சம்மதம் சொல்வார்கள், அடுப்படியில் நிற்கும் பெண் ஒன்றும் சொல்ல மாட்டார். அவரிடம், குழுவிலுள்ள பெண் ஒருவர் தனியாகப் பேச வேண்டும். பெண்ணே இல்லாத குழு என்றால் இந்தக் கதையைத் தொடும்முன் குழுவைச் சரிசெய்யுங்கள்.

வேண்டாம் என்று சொன்னால்? முக்கியப் பாத்திரம் அவர்கள் வீட்டுப் பிள்ளைதான் என்றால் விட்டுவிடுங்கள் என்பேன். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதே காரணங்களைக் கொண்டு, அந்த மனிதரை ஒட்டாத வேறு கதையைக் கட்டலாம். பொறுப்பில் இருந்தவர்கள் விஷயத்தில் என் கருத்து வேறு. அதிகாரி, அமைச்சர், முதலாளி, காவல்துறை ஆகியோரின் பதிவான செயலைக் காட்ட அவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஆவணம் இருந்தால் போதும். துயரப்பட்டவரிடம் அனுமதி, அதிகாரத்தில் இருந்தவரிடம் ஆதாரம். இதைத் தலைகீழாகச் செய்யும் படங்கள்தான் அதிகம்.

பாதிக்கப்பட்டவரே எழுதிவிட்ட கதை கிடைத்தால் அதைவிடப் பேறு இல்லை. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் தான் ஆந்திரக் காவல் நிலையத்தில் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். அதிலிருந்து வந்த 'விசாரணை' 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவரை போனது. அந்த அடிகளின் வலி அவ்வளவு துல்லியமாக இருப்பதற்குக் காரணம் அதைத் தாங்கிய உடம்பே எழுதியது என்பதுதான்.

சம்மதக் கடிதம்

தமிழில், இரண்டு பக்கத்துக்குள், அவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள். என்னென்ன விவரங்களைப் பயன்படுத்துவீர்கள், எதைப் பயன்படுத்த மாட்டீர்கள், பெயர் மாறுமா, திரைக்கதையை எப்போது படித்துக் காட்டுவீர்கள், படப்பிடிப்புத் தொடங்கும்வரை அவர்கள் பின்வாங்கலாமா, லாபம் வந்தால் எவ்வளவு பங்கு. ஒரு பிரதி அவர்களிடம் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் நம்பும் ஒருவர் வாசித்துக் காட்டட்டும், உங்கள் ஆள் வேண்டாம்.

பெயர், ஊர், சாதி

பொள்ளாச்சி போன்ற ஊரில் பெயரை மறைப்பது மறைப்பே ஆகாது. கல்லூரி, தெரு, வண்டியின் நிறம், அப்பாவின் தொழில் ஆகிய நான்கில் இரண்டு தெரிந்தாலே ஊர் கண்டுபிடித்துவிடும். 2019இல் அந்த வழக்கில் புகார் கொடுத்தவரின் பெயரை அரசுத் தரப்பே வெளியிட்டுவிட்டது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2025 மே 13 அன்று குற்றம்சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது என்றால், முகம் தெரியாமல் இருக்கலாம் என்ற நம்பிக்கையில் சாட்சி சொன்ன பெண்கள் அதற்கு ஒரு காரணம். நாளை இன்னொரு பெண் புகார் கொடுக்க வேண்டும் என்றால் அந்த நம்பிக்கை குலையக் கூடாது. எனவே இத்தகைய கதையில் ஊரையே மாற்றுங்கள், குடும்ப அமைப்பை மாற்றுங்கள், வயதை மாற்றுங்கள். தென்னந்தோப்புப் பண்ணை வீட்டைத் தேடி லொகேஷன் பார்க்கப் போக வேண்டாம்.

சாதியை மட்டும் இப்படி மாற்ற முடியாது. ஆணவக்கொலைக் கதையில் சாதியைத் துடைத்துவிட்டு 'பணக்காரப் பெண், ஏழைப் பையன்' என்று எழுதினால் கொலைக்கான காரணத்தையே திருடிவிடுகிறீர்கள். ஒரு சமூகத்துக்கு நேர்ந்ததை இன்னொரு சமூகத்தின்மேல் ஏற்றினாலும், உண்மையில் பட்டவர்கள் 'எங்கள் துயரம் எங்களுடையது இல்லையா' என்று கேட்பார்கள். மறுபுறம், ஒரு சாதியின் அடையாளத்தைப் போகிற போக்கில் வைப்பதும் ஆபத்து. 2021இல் வந்த ஒரு தமிழ்ப் படத்தில், கொடுமை செய்யும் காவலரின் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் படம் ஒரு சமூகத்தின் சின்னம் என்று பெரும் பிரச்சினையாகி, அந்தக் காட்சியைத் திருத்தினார்கள். சுவரில் தொங்குவது, கழுத்தில் கிடப்பது, வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருப்பது எல்லாவற்றையும் இயக்குநரே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அங்கே இருப்பது தெரிந்து வைத்ததாக இருக்கட்டும், ஆதாரத்தோடு இருக்கட்டும்.

உரையாடலிலும் இது வரும். கொங்கு என்றாலே எல்லோரும் 'ஏனுங்க' என்று இழுத்துப் பேசுவதாகச் சினிமா பழக்கிவிட்டது. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், யார் திரும்ப எப்படி அழைக்கப்படுகிறார்கள் என்பதில் இங்கே சாதி முழுதாகத் தெரியும். இப்பகுதி அருந்ததியர் பலரின் வீட்டுப் பேச்சு தெலுங்கோ கன்னடமோதான். அந்த வீட்டின் அடுப்படிக் காட்சியில் அச்சுக் கொங்குத் தமிழ் பேச வைத்தால், அந்த வீட்டுக்குள் நீங்கள் ஒருநாளும் போனதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

எதைக் காட்டாமல் விடுவது

உடுமலை பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்த வெட்டு, கண்காணிப்பு கேமராவில் பதிவாகி எல்லோர் போனிலும் ஓடியது. அந்தக் கோணத்தையும் அந்தச் சாம்பல் நிறத்தையும் அப்படியே மறுபடி எடுப்பதை 'யதார்த்தம்' என்று நினைக்காதீர்கள். உயிர் பிழைத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் வாழ்க்கை அந்த நொடியைத் தாண்டி நகர்ந்திருக்கிறது. உங்கள் படம் அவரை மறுபடி அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும். உண்மையான கேமராப் பதிவு, போனில் எடுத்த வீடியோ, பிணவறைப் படம், உறவினரின் உண்மையான ஒப்பாரிச் சத்தம் எதையும் படத்தில் சேர்க்காதீர்கள். பாலியல் வன்முறையைக் காட்சியாக எடுக்கவே வேண்டாம். பொள்ளாச்சி வழக்கில் குற்றவாளிகள் செய்ததும் படம் பிடித்ததுதான்.

தற்கொலை வந்தால் முறையைக் காட்டாதீர்கள். இடம், பொருள், கடிதத்தின் வாசகம் எதையும் நெருங்கிக் காட்டாதீர்கள். திரைத்துறையினருக்காகவே உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கையேட்டின் சாரம் இது. படம் முடியும் இடத்தில் மனநல உதவிக்கான டெலி-மானஸ் 14416 எண்ணையும் தமிழக அரசின் 104 எண்ணையும், படிக்கப் போதிய நேரம் திரையில் நிறுத்துங்கள்.

படப்பிடிப்பு நாட்கள்

சம்பவம் நடந்த அதே இடத்தில் எடுக்காதீர்கள். வேறு ஊரில் எடுத்தாலும், ஆம்புலன்ஸ் சைரனும் அழுகையும் கேட்கப் போகிறது என்று அக்கம்பக்கத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். துயரக் காட்சிக்குக் கூட்டம் சேர்க்கும்போது அதே துயரத்தில் ஆள் இழந்தவர்களை அழைத்துவந்து அழ வைக்க வேண்டாம். கூலி கிடைக்கிறது என்று வருவார்கள். அதனால்தான் நீங்கள் மறுக்க வேண்டும்.

குழந்தை நடித்தால் மாவட்ட ஆட்சியரிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஊதியத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் நிரந்தர வைப்பில் போக வேண்டும். குறும்படம்தானே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பிணமாகப் படுக்க வைக்கும் காட்சியில் நான் குழந்தையைப் பயன்படுத்த மாட்டேன். ஒரு செருப்பையோ பள்ளிப் பையையோ வைத்துச் சொல்ல முடியாத இயக்குநர் அந்தக் காட்சியை எழுதாமல் இருக்கலாம்.

வெளியிடுமுன்னும் பின்னும்

குடும்பத்துக்குத்தான் முதலில் காட்ட வேண்டும். திரையரங்கில் பிரமுகர்களோடு அல்ல, அவர்கள் விரும்பும் இடத்தில், கேமரா இல்லாமல், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று சொல்லிவிட்டு. அவர்கள் கேட்கும் மாற்றங்களுக்கு எடிட்டிங்கில் ஒரு வாரமாவது ஒதுக்கி வையுங்கள். அவர்கள் கண்ணீர் விடுவதைப் படம்பிடித்து விளம்பரம் செய்கிற வழக்கம் பரவுகிறது. அதைச் செய்பவரோடு நான் பேசவே விரும்பவில்லை.

படத்தைவிட முன்னோட்டம் அதிகம் காயப்படுத்தும். படத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று குடும்பம் முடிவு செய்யலாம். முன்னோட்டம் அப்படியில்லை, வேறு எதையோ பார்க்கும்போது நடுவில் வந்து விழும். எனவே கொலை, விபத்து, பிணம் மூன்றும் முன்னோட்டத்திலும் சுவரொட்டியிலும் கூடாது. நினைவு நாளில் வெளியிடாதீர்கள், அன்று அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

தொடக்கத்தில் போடும் அறிவிப்பையும் ஒழுங்காக எழுதுங்கள். விளம்பரத்தில் 'உண்மைக் கதை' என்று கூவிவிட்டு, திரையில் 'பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்று போடுவது பார்வையாளரையும் குடும்பத்தையும் ஒருசேர ஏமாற்றுவது. எந்த நிகழ்வு ஆவணத்தில் உள்ளது, எந்தப் பாத்திரங்கள் பலரைச் சேர்த்து உருவாக்கப்பட்டவை, எந்தக் காட்சி முழுக்க உங்கள் கற்பனை என்று நான்கு வரியில் சொல்ல முடியும்.

யூடியூபில் போட்டால் கருத்துப் பகுதியை முதல் நாளிலிருந்தே ஒருவர் கவனிக்க வேண்டும். சாதிப் பெயர் சொல்லித் திட்டுபவர்களும் பாதிக்கப்பட்டவரின் உண்மைப் பெயரைத் தேடிப் போடுபவர்களும் சில மணி நேரத்துக்குள் வந்துவிடுவார்கள். அந்தப் பெயர் வந்தால் உடனே நீக்குங்கள், ஆள் போட முடியாவிட்டால் பகுதியையே மூடிவிடுங்கள். மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறினால் படத்தின் கடைசி எழுத்துகளும் மாற வேண்டும். ஏற்றிய வீடியோவை யூடியூபில் அப்படியே மாற்ற முடியாது, திருத்தியதைப் புதிதாக ஏற்ற வேண்டும், பார்வை எண்ணிக்கை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அப்படியே தொடங்கட்டும். புதியது ஏறும்வரை பழையதன் விளக்கக் குறிப்பில் முதல் வரியாகத் தீர்ப்பின் தேதியையும் என்ன மாறியது என்பதையும் எழுதி வையுங்கள்.